இரைப்பைக்குள் நீல விளக்கு: தெரிவது கிருமியா, கட்டணமா?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பேருந்து ஏறினால், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் திருவெள்ளறை வந்துவிடும். அங்கே புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலைச் சேவிக்க வருகிறவர்கள் அருகில் இருக்கும் சுவஸ்திக் கிணற்றையும் ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், அதாவது சுமார் 1200 வருடங்களுக்கு முன், கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்த கிணறு அது. கல்வெட்டில் அதன் பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. நான்கு பக்கமும் படித்துறைகள், ஒவ்வொன்றும் ஒரு வளைவு எடுத்துத் திரும்பும். ஒரு துறையில் நிற்பவருக்கு அடுத்த துறையில் குளிப்பவர் தெரியமாட்டார். மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டு "கிணற்றில் யாரும் இல்லை" என்று ஒருவர் சொன்னால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

இரைப்பையும் ஏறக்குறைய அப்படிப்பட்ட ஓர் இடம்தான். எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே விட்டு நேராகப் பார்த்தால் தெரியாத மூலைகள் அதில் உண்டு. மேல்வளைவைப் பார்க்கக் குழாயின் நுனியைப் பின்னோக்கி மடக்க வேண்டும். உள்வளைவின் மடிப்பைப் பார்க்கத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். ஆனால் இப்போது புது வாதம் ஒன்று கிளம்பியிருக்கிறது. விளக்கின் நிறத்தை மாற்றினால் போதும், இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடலாம், சதைத் துணுக்கு எடுக்கவே தேவையில்லை என்பது அந்த வாதம். விளம்பரத் தட்டிகளில் இதற்கு 'அதிநவீன இமேஜிங்' என்று பெயர். நோயாளியின் ரசீதில் இதற்கு ஒரு தனி வரி!

இந்த வாதத்தில் உண்மை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு?

முதலில் கிருமியின் கதை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் 1979-இல் இரைப்பைத் துணுக்குகளில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்த்தார். அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்த்துப் பார்க்க எடுத்த முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் தட்டுகளைக் குப்பையில் போடாமல் கூடுதல் நாள் விட்டுவைத்தார்கள், கிருமி வளர்ந்துவிட்டது! யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இதற்கிடையில் 1994-லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை முதல் வகுப்புப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்திருந்தது. புகையிலை இருக்கும் அதே பட்டியல்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதை இல்லை. தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் புண் மிக அதிகம், கோதுமை சாப்பிடும் பஞ்சாபில் குறைவு என்று மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி என்ற அறுவை மருத்துவர் 1970-களில் எழுதினார். அரிசிச் சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று அவர் ஆராய்ந்தார். (மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசி மேல் இதை வைத்து யாரும் பழி போட வேண்டாம். கிருமி கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய ஆராய்ச்சி அது.) அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் 'அல்சர் ஆபரேஷன்' என்று வயிற்றைத் திறந்து, அமிலம் சுரக்க வைக்கும் நரம்பை வெட்டிக்கொண்டு, நடுவயிற்றில் நீளத் தழும்போடு வாழ்ந்தார்கள் என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்று இரண்டு வார மாத்திரையில் தீருவதற்கு அன்று கத்தி! இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் இரைப்பைப் புற்றுநோய் பொதுவாகக் குறைவு என்பார்கள். மிசோரம் அதற்குப் பெரிய விதிவிலக்கு. ஆனால் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பை முன்வரிசையில் இருந்துவரும் நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆகவே கிருமியைத் தேடுவது வீண் வேலை என்று யாரும் சொல்லவில்லை. எப்படித் தேடுவது என்பதில்தான் சண்டை.

என்.பி.ஐ எனப்படும் குறுகிய அலைவரிசை விளக்கு என்ன செய்கிறது? சாதாரண வெள்ளை ஒளிக்குப் பதிலாக 415, 540 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றியுள்ள ஒளியை மட்டும் அனுப்புகிறது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் இந்த இரண்டு ஒளியையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மேல்மட்ட நுண்குழாய்கள் பழுப்பாகவும், ஆழத்தில் உள்ளவை நீலப்பச்சையாகவும் எடுப்பாகத் தெரியும். எல்.சி.ஐ என்ற இன்னொரு முறை சிவப்பை மேலும் சிவப்பாகவும் வெளுப்பை மேலும் வெளுப்பாகவும் காட்டும். கிருமி குடியிருக்கும் இரைப்பை பரவலாகச் சிவந்திருக்கும் என்பதால் அந்தச் சிவப்பு பளிச்சென்று கண்ணில் படும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த விளக்குகள் எதுவும் கிருமியைக் காட்டுவதில்லை. கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். தெரிவது கிருமி விட்டுச்சென்ற வீக்கமும் சிவப்பும் மட்டுமே. கன்பொகல் என்ற லேசர் நுண்ணோக்கி முறையில் கிருமியையே உயிரோடு பார்த்ததாக 2005-இல் ஜெர்மனியிலிருந்து கட்டுரை வந்தது உண்மை. ஆனால் அதற்கு நரம்பில் சாயம் ஏற்ற வேண்டும், கருவியின் விலையும் மிக அதிகம். வயிற்றெரிச்சல் என்று வருகிறவர்களுக்கெல்லாம் செய்யக்கூடிய காரியமா அது?

சரி, அடையாளத்தை வைத்துக் கணிப்பது எவ்வளவு சரியாக இருக்கிறது? ஜப்பானில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் வெள்ளை ஒளியில் பார்த்துச் சொன்ன கணிப்பு 74 சதவீதம் சரியாக இருந்தது. எல்.சி.ஐ-யில் அது 86 சதவீதம் ஆனது. நல்ல முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. விளம்பரத்துக்கு இந்த எண் போதும். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. கிருமி இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொன்னது 78 சதவீதம். அப்படியானால் கிருமியே இல்லாத 100 பேரில் 22 பேருக்குக் கிருமி இருப்பதாகச் சொல்லப்படும்! அவர்கள் 14 நாள் இரண்டு மூன்று ஆன்டிபயாட்டிக்கை விழுங்குவார்கள். வயிற்றுப்போக்கு, வாய்க்கசப்பு, மருந்துச் செலவு. வயிற்றெரிச்சலும் போகாது, ஏனென்றால் அதற்குக் காரணம் வேறு.

இத்தனைக்கும் இது இதிலேயே ஊறிய ஜப்பானிய நிபுணர்கள் பார்த்த கணக்கு. அங்கே இரைப்பைப் புற்றுநோய் என்பது தேசியப் பிரச்சினை. 2013-லிருந்து அங்கே கிருமி இருக்கும் இரைப்பை அழற்சிக்கு எண்டோஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்தினால் சிகிச்சைச் செலவை அரசுக் காப்பீடு ஏற்கிறது. அதே ஆண்டு கியோட்டோவில் இரைப்பையின் தோற்றத்தை எப்படி வரிசைப்படுத்திக் குறிப்பது என்று தனி முறையே வகுத்தார்கள். ஒவ்வொரு இரைப்பையையும் அதன்படி எழுதி எழுதிப் பழகிய கண் அது. திருச்சியிலோ தஞ்சாவூரிலோ ஒரே காலைப்பொழுதில் வரிசையாகக் காத்திருக்கும் நோயாளிகளுக்கு நடுவே பார்க்கும் கண்ணுக்கு, விளக்கை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அந்தப் பழக்கம் வந்துவிடுமா? சலங்கை வாங்கிய அன்றே அரங்கேற்றமா?

இந்த இடத்தில் கணினி வருகிறது. செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும், மருத்துவரின் பழக்கமெல்லாம் இனி எதற்கு என்கிறார்கள். 2017-இல் ஜப்பானியர்கள் 32,000-க்கு மேற்பட்ட படங்களைக் காட்டிப் பழக்கிய ஒரு நிரல், 23 மருத்துவர்களின் சராசரியைவிடக் கொஞ்சம் மேலாகவே கணித்தது. மருத்துவர்களுக்கு மணிக்கணக்கில் ஆன வேலையை அது சில நிமிடங்களில் முடித்தது. அது பார்த்தவை ஜப்பானிய இரைப்பைகள். கிருமியோடு நீண்ட காலம் வாழ்ந்து உட்சுவர் மெலிந்துபோன இரைப்பைகள் அங்கே நிறைய. தமிழ்நாட்டில் அதே கிருமி பெரும்பாலும் முன்சிறுகுடல் புண்ணாகத்தான் முகம் காட்டியிருக்கிறது. ஓரிடத்தில் பழகிய நிரலை இன்னோரிடத்தில் சோதித்துப் பார்க்காமல் நம்புவதற்குப் பெயர் விஞ்ஞானம் இல்லை.

இனி மறுபக்கம். துணுக்கு எடுப்பதற்கு மாற்றாக விளக்கை முன்னிறுத்துகிறவர்கள், அந்தத் துணுக்குச் சோதனை என்ன விலை என்பதைச் சொல்வதே இல்லை. யூரியேஸ் சோதனை என்பது ஒரு சின்னக் குப்பியில் யூரியாவும் பீனால் ரெட் என்ற சாயமும். அவ்வளவுதான். கிருமியிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது, அது யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும், உடனே மஞ்சள் கரைசல் இளஞ்சிவப்பாகும். பள்ளி ஆய்வகத்தில் செய்து காட்டக்கூடிய வேதியியல்! கிருமி இல்லாதவர்களை இல்லை என்று சொல்வதில் இந்தக் குப்பி 95 சதவீதத்துக்கு மேல் சரியாக இருக்கும். மேலே சொன்ன 78-ஐ இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

துணுக்கு எடுத்தால் இரத்தம் கசியுமே, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. இரைப்பையில் சிறு துணுக்கு எடுப்பது குறைந்த ஆபத்துள்ள செயல் என்பதால், ஆஸ்பிரின் போன்றவற்றை நிறுத்தாமலே எடுக்கலாம் என்றுதான் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. உண்மையிலேயே எடுக்க முடியாதவர்களுக்கு மூச்சுச் சோதனையும் மலச் சோதனையும் இருக்கின்றன. அவற்றுக்குக் குழாயே வேண்டாம்.

குப்பிச் சோதனையிலும் குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரியான அமிலக் குறைப்பு மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே வந்தால் கிருமி அடங்கிக் கிடக்கும், சோதனை பொய்யாக 'இல்லை' என்று சொல்லும். இரண்டு வாரம் நிறுத்திவிட்டு வர வேண்டும். ஆன்டிபயாட்டிக் என்றால் நான்கு வாரம். மாத்திரை சாப்பிடும்போது கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து நடுப்பகுதிக்கு இடம் மாறிவிடும் என்பதால் இரண்டு இடத்திலும் துணுக்கு எடுக்க வேண்டும். இப்போது யதார்த்தத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 'கேஸ் மாத்திரை' சாப்பிடாத வீடு எங்கே இருக்கிறது? மருந்துக்கடையில் பெயர் சொன்னால் அட்டை கிடைக்கும். மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை வாங்கினால் கூடவே 'வயித்துக்கு' ஒன்று. எண்டோஸ்கோப்பிக்கு முதல் நாள் "வெறும் வயித்துல வாங்க" என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் "இந்த மாத்திரையை ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும்" என்று சொல்கிறார்கள்? அந்த ஒரு வாக்கியத்துக்கு விலையில்லை. விலை இல்லாததாலோ என்னவோ யாரும் அதை விளம்பரம் செய்வதில்லை. (மாத்திரையின் விளைவு இமேஜிங்கையும் குழப்பும் என்பது இன்னொரு வேடிக்கை. அழற்சி அடங்கினால் சிவப்பும் மங்கும்.)

விலையில்லாத இன்னொரு விஷயம் நேரம். சிங்கப்பூரில் 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஓர் இரைப்பைப் பரிசோதனைக்குச் சராசரியாக 7 நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட மருத்துவர்கள், அவசரமாக முடித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக ஆபத்தான மாற்றங்களைக் கண்டுபிடித்ததாகக் காட்டியது. நுரையும் சளியும் நீங்க முன்கூட்டியே சிமெத்திகோன் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பதும் மலிவான வேலைதான். நுரைக்குப் பின்னால் எந்த நிற விளக்கைப் போட்டாலும் நுரைதான் தெரியும்.

வெள்ளை விளக்கிலேயே பழகிய கண்ணுக்குத் தெரியும் ஒரு நல்ல அடையாளமும் இருக்கிறது. கிருமி தொடாத இரைப்பையின் நடுப்பகுதியில், நுண்ணிய சிரைகள் சீரான இடைவெளியில் புள்ளி புள்ளியாக, கிட்டப்போய்ப் பார்த்தால் குட்டி நட்சத்திர மீன்கள் மாதிரி, வரிசை கட்டி நிற்கும். ஜப்பானிய மருத்துவர் யாகி குழுவினர் 2002-இல் இதை விவரித்தார்கள். இந்த வரிசை ஒழுங்காக இருந்தால் கிருமி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கிருமி வந்து அழற்சி பரவினால் வரிசை கலைந்துவிடும். வயதானவர்களிடம் இந்த அடையாளம் அவ்வளவு நம்பகமாக இருப்பதில்லை. என்றாலும் சாதாரண எச்.டி. கருவியிலேயே பார்த்துக் குறித்துவைக்கக்கூடியது. இதற்குத் தனிக் கட்டணம் எதற்கு?

அப்படியானால் நீல விளக்கு வேண்டவே வேண்டாமா? வேண்டும், அதற்குரிய இடத்தில். கிருமியோடு பல வருடம் வாழ்ந்த இரைப்பையில் உட்சுவர் மெலிந்து, சில இடங்களில் குடலின் சுவர் மாதிரி மாறியிருக்கும். புற்றுநோய்க்கு முந்தைய படி அது. வெள்ளை ஒளியில் இதைத் தவறவிடுவது எளிது, என்.பி.ஐ-யில் நன்றாகத் தெரியும். குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர், வயதானவர், எடை குறைந்தவர், இரத்தசோகை உள்ளவர் ஆகியோருக்கு அந்த விளக்கு உயிர் காக்கும் கருவி. எங்கே துணுக்கு எடுப்பது என்று அது வழிகாட்டும். துணுக்கை எடுக்க வைப்பதற்காக வந்த விளக்கை, துணுக்கு எடுக்காமல் இருப்பதற்குச் சாக்காகப் பயன்படுத்துவதுதான் அநியாயம்.

கண்டுபிடித்த பிறகும் கதை முடிவதில்லை. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இந்தக் கிருமி இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதில், நெருக்கடியான வீட்டில், சுத்தமில்லாத தண்ணீரிலும் கைகளிலும் இருந்து வந்து ஒட்டிக்கொள்வது. அத்தனை பேருக்கும் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் ஆன்டிபயாட்டிக் எழுதினால் என்ன ஆகும்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் பல நகரங்களிலிருந்து கிருமிகளைச் சேர்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில் மெட்ரோனிடசோலுக்கு சுமார் 78 சதவீதமும் கிளாரித்ரோமைசினுக்கு சுமார் 45 சதவீதமும் கட்டுப்படாமல் இருந்தன. இருபது வருடத்துக்கு முன்பே இந்த நிலை! இருந்தும் கிளாரித்ரோமைசின் அடங்கிய அதே மூன்று மாத்திரை அட்டை இன்றும் கைமாறுகிறது. மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று மூச்சிலோ மலத்திலோ சோதிப்பது சிகிச்சையின் பாதி. வலி நின்றுவிட்டால் நோயாளியும் வருவதில்லை, கூப்பிடுவாரும் இல்லை.

திருவெள்ளறையிலிருந்து வயலில் குனிந்து நிமிர்ந்து, இடுப்புவலிக்கு வருடக்கணக்கில் வலி மாத்திரை போட்டுப் புண் வந்த ஒருவர் தில்லைநகரில் ஏதோ ஒரு மருத்துவமனைக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மனைவி கேட்கிறார்: "சார், இவருக்கு என்னதான் வியாதி?" பதில் வருகிறது: "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, கேஸ்ட்ரைடிஸ். காரத்தைக் குறைச்சு நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க." கையில் கொடுக்கும் வண்ணத் தாளில் நான்கு நீலப் படங்கள், கீழே 'ஆன்ட்ரல் கேஸ்ட்ரைடிஸ்' என்று இரண்டு சொல். துணுக்கு எடுத்தார்களா? எந்த இடத்தில்? மாத்திரை நிறுத்தியிருந்தாரா? சோதனை முடிவு என்ன? ஒன்றும் இருக்காது. கம்பன் அரையன் கல்வெட்டிலாவது யார் ஆட்சியில், எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடித்தது, யாருடைய தம்பி வெட்டியது என்பது வரை இருக்கிறது. தந்திவர்மனின் 4-ஆம் ஆண்டில் தொடங்கி 5-ஆம் ஆண்டில் முடிந்தது என்று கல்லில் வெட்டத் தெரிந்த ஊருக்கு, கம்ப்யூட்டரில் அச்சடித்த தாளில் இரண்டு சொல்!

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நான்கு கேள்வி கேட்கலாம், இதற்குப் படிப்பு வேண்டாம். கிருமிக்குச் சோதனை செய்தீர்களா? எதை வைத்து? மாத்திரையை நிறுத்தியபின் எடுத்ததா? மருந்து முடிந்ததும் மறுபடி எப்போது சோதிக்க வேண்டும்? "படத்திலேயே தெரிஞ்சுடுச்சு" என்று பதில் வந்தால், 100-க்கு 22 கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு குப்பிச் சோதனை கேட்பது நோயாளியின் உரிமை.

குப்பியைப் பார்ப்பதற்கும் பொறுமை வேண்டும். கிருமி நிறைய இருந்தால் சில நிமிடத்தில் நிறம் மாறும். கொஞ்சமாக இருந்தால் மணிக்கணக்கில், சில சமயம் மறுநாள் வரை காத்திருந்து பார்க்க வேண்டும். அதற்குள் 'கிருமி இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டால், மாலையில் குப்பி சிவக்கும்போது அதைப் பார்க்க அறையில் ஆள் இருக்காது. அந்த மனிதர் சத்திரத்தில் பேருந்து ஏறி, டோல்கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்.